கண்ணுக்குப் பளிச்... கேமராவுக்கு இருட்டு! உள்ளரங்கக் கூடைப்பந்தைப் படம்பிடிப்பது எப்படி?

கல்லூரி இன்டோர் கோர்ட்டில் மேட்ச் பார்த்துவிட்டு வந்த யாருடைய போன் கேலரியைத் திறந்தாலும் ஒரே கதைதான். ஐம்பது படம் இருக்கும். அதில் நாற்பதில் வீரருக்கு முகம் இருக்காது. பந்து ஆரஞ்சு நிறக் கோடாக இழுபட்டிருக்கும். மீதிப் பத்தில் ஸ்கோர் போர்டு மட்டும் ரொம்பத் தெளிவாக இருக்கும்.

இத்தனைக்கும் அரங்கில் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லாததுபோல்தான் தெரியும். மேலே வரிசையாக விளக்குகள், கீழே பளபளக்கும் மரத்தரை. பிறகு ஏன் படம் மட்டும் சொதப்புகிறது? போன் மட்டமா, கேமரா மட்டமா, எடுத்தவர் மட்டமா?

பெரும்பாலும் மூன்றுமே இல்லை. இருக்கிற வெளிச்சத்துக்கும் ஆட்டத்தின் வேகத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் விலை உயர்ந்த கேமரா இல்லாமலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதில் அக்கறை காட்ட ஒரு காரணமும் இருக்கிறது. பள்ளி, கல்லூரி, மாவட்ட அளவிலான ஆட்டங்கள் பெரும்பாலானவற்றுக்கு டி.வி. கேமரா வராது. நாளிதழில் முடிவு ஓரிரு வரியில் வரலாம். கடைசி நிமிடத்தில் போட்ட த்ரீ-பாயின்டருக்கு, முழங்கால் கட்டோடு எடுத்த ரீபவுண்டுக்கு, கேலரியில் உட்கார்ந்திருந்த ஒரு நண்பர் எடுத்த படம்தான் சாட்சி. அது கலங்கிப் போனால் அந்தத் தருணத்துக்கு வேறு பதிவு கிடையாது.

கண் சொல்லும் பொய்

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நேரடி உச்சி வெயிலில் சுமார் 1 லட்சம் லக்ஸ் இருக்கும். நன்றாக விளக்கு போட்ட அலுவலகத்தில் சுமார் 500 லக்ஸ்.

உள்ளரங்கம்? ஐரோப்பிய விளையாட்டு விளக்கொளித் தர விதியான இ.என். 12193, உள்ளரங்கக் கூடைப்பந்துக்கு மூன்று படிகளைச் சொல்கிறது: உயர்மட்டப் போட்டிகளுக்கு 750 லக்ஸ், அடுத்த நிலைக்கு 500 லக்ஸ், பயிற்சி மற்றும் பள்ளி நிலைக்கு 200 லக்ஸ். அதாவது 500 லக்ஸ் உள்ள அரங்கில் இருப்பது வெயிலில் உள்ள வெளிச்சத்தில் 200-ல் ஒரு பங்குதான். நம் கண் இந்த வித்தியாசத்தைச் சத்தமே இல்லாமல் சரிக்கட்டிவிடும். வெயிலிலிருந்து அரங்குக்குள் நுழைந்து சில நிமிடம் ஆனால் ‘நல்ல வெளிச்சமா இருக்கே’ என்று தோன்றும். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. வந்த ஒளியை அது எண்ணித்தான் பார்க்கும்.

இன்னொரு விஷயம். இந்த லக்ஸ் கணக்கு பொதுவாகத் தரையை வைத்து அளப்பது. விளக்குகள் தலைக்கு மேலே இருப்பதால், செங்குத்தாக நிற்கும் முகத்தில் விழுவது அதைவிடக் குறைவு. பாதிதான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

வெளிச்சம் ஏன் இந்த ஆட்டத்தைத் துரத்துகிறது?

கிரிக்கெட், கால்பந்து போல இதை வெளியில் ஆடிவிட்டு வெளிச்சம் போனதும் உள்ளே கொண்டுவரவில்லை. கூடைப்பந்து பிறந்ததே கூரைக்குக் கீழேதான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளே ஆடுவதற்காக ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கிய ஆட்டம் இது. பால்கனிக் கைப்பிடியில் பீச் பழக் கூடைகளை 10 அடி உயரத்தில் கட்டினார்கள். இன்றைக்கும் வளையத்தின் உயரம் அதே 3.05 மீட்டர்தான்.

நம் ஊரில் கணிசமான ஆட்டங்கள் சிமென்ட் தரையில் திறந்தவெளியில் நடக்கின்றன. ஆனால் போட்டி பெரிதாக ஆக, அது மரத்தரைக்கும் கூரைக்கும் கீழே போய்விடுகிறது. முக்கியமான மேட்ச் என்றால் வெளிச்சம் குறைவு என்பதுதான் படம் எடுப்பவரின் தலைவிதி.

முதலில் ஷட்டர், மற்றதெல்லாம் அப்புறம்

ஒரு படத்தின் வெளிச்சத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒளி உள்ளே வரும் நேரம், அதாவது ஷட்டர் வேகம். ஒளி வரும் வாசலின் அகலம், அதாவது அப்பெர்ச்சர். கிடைத்த சிக்னலை எவ்வளவு தூக்கிக் காட்டுவது, அதாவது ஐஎஸ்ஓ. கூடைப்பந்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஷட்டர்.

ஏன்? ஒரு வீரர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால், அந்த நேரத்துக்குள் அவர் 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார். முகம் இருக்குமா? 1/500 என்றால் நகர்வு 1 சென்டிமீட்டர். 1/1000 என்றால் அரை சென்டிமீட்டர். கையும் பந்தும் உடலைவிட வேகமாகப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக் கணக்கு இதுதான்: 1/500 என்பது குறைந்தபட்சம். 1/800 வசதியானது. வெளிச்சம் இடம் கொடுத்தால் 1/1000. ஆட்டோ மோடில் விட்டால் கேமரா வெளிச்சக் குறைவைப் பார்த்துப் பயந்து 1/60, 1/100 என்று இறங்கிவிடும். அசையாத ஸ்கோர் போர்டு மட்டும் தெளிவாக வந்ததன் ரகசியம் இதுதான்.

லென்ஸுக்குப் போடும் காசு வீண் போகாது

இனி கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 500 லக்ஸ் அரங்கம், ஷட்டர் 1/800. கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸை முழுசாக ஜூம் செய்தால் கிடைக்கும் அப்பெர்ச்சர் எஃப் 5.6. அதற்கு ஐஎஸ்ஓ சுமார் 12,800 வேண்டும். அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் 3,200 போதும். எஃப் 1.8 என்றால் 1,300-க்குப் பக்கத்தில் வேலை முடிந்துவிடும்.

அரங்கம் 200 லக்ஸ்தான் என்றால்? எஃப் 5.6-ல் ஐஎஸ்ஓ 32,000, எஃப் 2.8-ல் 8,000, எஃப் 1.8-ல் சுமார் 3,200. முகத்தில் விழும் வெளிச்சம் தரையைவிடக் குறைவு என்பதால் இந்த எண்களை இரண்டு மடங்கு வரை உயர்த்த வேண்டி வரலாம்.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: புது பாடி வாங்குவதற்கு முன்னால் லென்ஸைப் பாருங்கள். தொழில்முறைக்காரர்கள் கையில் இருக்கும் 70-200 எஃப் 2.8 லென்ஸ் அருமையானது, விலையும் அப்படித்தான். ஆரம்பிப்பவர்களுக்கு 50 மி.மீ. எஃப் 1.8, 85 மி.மீ. எஃப் 1.8 ஆகிய இரண்டு பிரைம் லென்ஸ்கள் போதும். ஜூம் கிடையாது, ஆனால் ஒளி கொட்டும்.

ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் இவை எப்படி வேலை செய்யும்? எல்லைக்கோட்டுக்குப் பின்னால் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஃப்ரீ த்ரோ கோடு சுமார் 8 மீட்டர் தூரத்தில் இருக்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 50 மி.மீ. லென்ஸில் சுமார் 3.7 மீட்டர் உயரம் அடங்கும்; ஆளும் பந்தும் தாராளமாக உள்ளே. 85 மி.மீ. லென்ஸில் 2.2 மீட்டர்; ஆள் மட்டும் ஃப்ரேமை நிரப்புவார். எதிர்ப்பக்க வளையத்தில் நடப்பதை இரண்டுமே பிடிக்காது. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாதி கோர்ட்டை ஒழுங்காக எடுத்தாலே போதும். அடுத்த பாதியில் அணிகள் பக்கம் மாறத்தானே போகின்றன.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. எஃப் 1.8-ல், 8 மீட்டரில், 85 மி.மீ. லென்ஸின் ஃபோகஸ் ஆழம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். தடுக்க வருபவரின் முதுகில் ஃபோகஸ் விழுந்தால் ஷூட் செய்பவர் கலங்கிவிடுவார். எனவே தொடர் ஃபோகஸ் மோடு கட்டாயம். கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ, நிக்கான் மற்றும் சோனியில் ஏஎஃப்-சி என்று இருக்கும். பழைய கேமரா என்றால் நடுப்புள்ளியையும் அதைச் சுற்றிய சில புள்ளிகளையும் மட்டும் பயன்படுத்தி நெஞ்சில் உள்ள எண்ணைக் குறிவையுங்கள். பெரிய எழுத்து, நல்ல கான்ட்ராஸ்ட். ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும்.

ஐஎஸ்ஓ மேல் ஏன் இவ்வளவு பயம்?

‘1600-க்கு மேல போகாதே, படம் புள்ளி புள்ளியா வரும்’ என்று யாரோ எப்போதோ சொன்னதைப் பலரும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் புள்ளிகளுக்கு முக்கியக் காரணம் ஐஎஸ்ஓ அல்ல, ஒளிப் பஞ்சம்.

ஒளி துகள் துகளாக வருகிறது, மழைத்துளி மாதிரி. ஒரு பிக்சலுக்குள் சராசரியாக 10,000 ஒளித்துகள் விழுந்தால், அதில் ஏற்ற இறக்கம் சுமார் 100 இருக்கும். அதாவது 1 சதவீதம். வெறும் 100 துகள்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10; அதாவது 10 சதவீதம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் நிற்பதுதான் நாம் பார்க்கும் புள்ளி. ஐஎஸ்ஓ குறைவாக இருக்கட்டும் என்று படத்தை இருட்டாக எடுத்துவிட்டு, வீட்டில் கம்ப்யூட்டரில் தூக்கினால் புள்ளி போகாது. பல கேமராக்களில் இன்னும் மோசமாகத்தான் வரும்.

பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய நிலைமை சொர்க்கம். ஃபிலிம் நாட்களில் கோடாக் ட்ரை-எக்ஸ் 400 ஃபிலிமை வாங்கி, 1600 என்று நினைத்து எடுத்து, டெவலப் செய்யும்போது நேரத்தைக் கூட்டிச் சமாளித்தார்கள். 2007-ல் நிக்கான் டி3 வந்து, ஐஎஸ்ஓ 6400-ஐ அச்சில் போடும் தரத்தில் கொடுத்தபோதுதான் அரங்குக்குள் படம் எடுப்பவர்களின் வேலை மாறியது. இன்றைக்கு நடுத்தர விலை கேமராவும் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்கு அடோபி லைட்ரூம் 2023-ல் கொண்டுவந்த ஏஐ டினாய்ஸ் போன்ற வசதிகள், ரா ஃபைலாக எடுத்த படத்தின் புள்ளிகளை நம்ப முடியாத அளவுக்குத் துடைத்துக் கொடுக்கின்றன.

கலங்கிய முகத்தை எந்த மென்பொருளாலும் நேர்மையாகத் திருப்பித் தர முடியாது. புள்ளி இருந்தால் இருக்கட்டும், முகம் இருக்க வேண்டும். இதுதான் விதி.

ஒரு படம் மஞ்சள், அடுத்த படம் இருட்டு: என்ன மாயம்?

பர்ஸ்ட்டில் தொடர்ந்து ஆறு படம் எடுக்கிறீர்கள். செட்டிங்கில் எதையும் தொடவில்லை. ஆனாலும் ஒன்று பளிச், ஒன்று மங்கல், ஒன்றில் பாதிப் படம் மட்டும் பழுப்பு. கேமரா ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். குற்றவாளி கூரையில் இருக்கிறார்.

இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்துக்குப் போகும். அதனால் பழைய வகை சோக் உள்ள ட்யூப்லைட்டும், மெட்டல் ஹாலைடு விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1/800 நொடி திறக்கும் ஷட்டர், அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டை மட்டும்தான் வெட்டி எடுக்கிறது. மேட்டில் வெட்டினால் பளிச், பள்ளத்தில் வெட்டினால் மங்கல். விளக்கின் நிறமும் அந்தச் சுழற்சிக்குள் மாறுவதால் மஞ்சளும் பழுப்பும் வந்து சேர்கின்றன. மலிவான டிரைவர் உள்ள எல்இடி விளக்குகளும் இதே வேலையைச் செய்யும்.

தீர்வு என்ன?

முதலாவது, கேமராவின் மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். 2014-ல் கேனான் 7டி மார்க் 2 கேமராவில் வந்து பிரபலமான வசதி இது. விளக்கின் துடிப்பைக் கவனித்து, வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஷட்டரைத் திறக்கும். பர்ஸ்ட் வேகம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை.

இரண்டாவது, மிரர்லெஸ் கேமரா என்றால் சத்தம் போடாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். சாதாரண சென்சார்கள் எலெக்ட்ரானிக் ஷட்டரில் படத்தை மேலிருந்து கீழாக மெதுவாகப் படிக்கும். அதற்குள் விளக்கு கூடிக் குறைந்துவிடுவதால் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். முழு சென்சாரையும் ஒரே நேரத்தில் படிக்கும் குளோபல் ஷட்டரை, ஃபுல்-ஃபிரேமில் சோனி ஏ9 3 கேமரா 2023-ல் கொண்டுவந்தது. அதன் விலைக்கு நம்மில் பலரும் மெக்கானிக்கல் ஷட்டரோடு திருப்திப்பட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, எதுவும் இல்லையா? கூடுதலாக நாலைந்து படம் எடுத்து நல்லதைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரீ த்ரோ போல அசைவு குறைந்த நேரத்தில் 1/100-க்கு இறங்கினால் ஒரு முழுத் துடிப்பும் படத்துக்குள் வந்துவிடும்; நிறம் சீராக இருக்கும்.

வெள்ளை ஜெர்சி வைக்கும் பொறி

சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, அட்டவணையில் முதலில் பெயர் உள்ள அணி வெளிர் நிறத்திலும் (வெள்ளையாக இருந்தால் நல்லது), இரண்டாவது அணி அடர் நிறத்திலும் ஜெர்சி அணிய வேண்டும். ஆட்டம் பார்ப்பவர்களுக்கு வசதி. கேமராவின் ஆட்டோ மீட்டருக்குத் தலைவலி. வெள்ளை ஜெர்சி ஃப்ரேமை நிரப்பினால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். கறுப்பு ஜெர்சி வந்தால் ‘இருட்டு’ என்று நினைத்து முகத்தை வெளுக்க வைக்கும்.

ஆனால் விளக்கு மாறவே இல்லையே? அப்புறம் எதற்கு ஆட்டோ? வார்ம்-அப் நேரத்தில் ஒரு வீரரின் முகத்தைப் படமெடுத்துப் பார்த்து, சரியாக வரும் வரை ஐஎஸ்ஓவை மாற்றி, மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஜன்னல் வழியாகப் பகல் வெளிச்சம் வரும் அரங்கம் என்றால் மட்டும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

நிறத்துக்கும் இதே வைத்தியம்தான். ஒரு வெள்ளைத் தாளைக் கோர்ட் ஓரத்தில் பிடித்து கஸ்டம் வொயிட் பேலன்ஸ் எடுத்துவிட்டால், ஆட்டம் முழுக்க நிறம் ஒரே மாதிரி வரும். மரத்தரை ஒளியைத் திருப்பி அடிப்பதால் தோலில் கொஞ்சம் மஞ்சள் சேரும். அது தாடைக்குக் கீழே உள்ள நிழலையும் நிரப்புவதால் நல்லதுதான் என்று விட்டுவிடலாம்.

எங்கே உட்காருவது?

கோர்ட்டின் அளவு 28 மீட்டருக்கு 15 மீட்டர். எல்லைக்கோட்டைச் சுற்றி 2 மீட்டருக்குத் தடை எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த இடைவெளியை மதித்து, வளையத்துக்கு இடது அல்லது வலது பக்கம், பேஸ்லைனுக்குப் பின்னால் தரையில் உட்காருவதுதான் பலரும் விரும்பும் இடம். வீரர்கள் உங்களை நோக்கி வருவார்கள், முகம் கிடைக்கும். தாழ்ந்து எடுக்கும்போது தாண்டும் உயரமும் பெரிதாகத் தெரியும்.

உட்காரும் முன் நடுவரிடமோ ஏற்பாட்டாளரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காலை நீட்டிக்கொண்டு உட்காராதீர்கள், பையைப் பக்கத்தில் பரப்பாதீர்கள். லே-அப் போட்டுவிட்டு வேகம் குறையாமல் வரும் வீரருக்கு அந்த 2 மீட்டர்தான் பிரேக் பிடிக்கும் இடம். உங்கள் கேமரா பையில் இடறி ஒரு கணுக்கால் பிசகினால் எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

கீழே இடம் இல்லையா? கேலரிக்குப் போங்கள். மேலிருந்து எடுத்தால் பின்னணியில் வாட்டர் கேனும் பிளாஸ்டிக் நாற்காலியும் வராது. சுத்தமான மரத்தரைதான் பின்னணி.

எந்த நொடியில் அழுத்துவது?

இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. 60 சென்டிமீட்டர் தாண்டும் வீரர் சுமார் 0.7 நொடி காற்றில் இருக்கிறார். அதில் பாதி நேரம், சுமார் 0.35 நொடி, உச்சியில் உள்ள கடைசி 15 சென்டிமீட்டருக்குள்ளேயே கழிகிறது. ‘அந்தரத்தில் நிற்கிறார்’ என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். உச்சியில் மேலும் கீழுமான வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஜம்ப் ஷாட்டின் உச்சத்தில் அழுத்தினால் 1/320 ஷட்டரில்கூட முகம் தெளிவாக விழ வாய்ப்பு இருக்கிறது. வெளிச்சம் ரொம்ப மோசமான அரங்கில் இது பெரிய வரப்பிரசாதம்.

இன்னொரு நல்ல செய்தி: ஷூட் செய்பவரும் ரீபவுண்டுக்குத் தாண்டுபவரும் மேலே பார்க்கிறார்கள். கூரை விளக்கின் ஒளி நேராக முகத்தில் விழுகிறது, கண் மின்னுகிறது. குனிந்து பந்தைத் தட்டிக்கொண்டு போகும்போதோ கண் இருக்கும் இடத்தில் இரண்டு நிழல் குழிகள்தான் தெரியும். ஆகவே வெளிச்சம் குறைந்த அரங்கில் தலை நிமிரும் நேரத்துக்குக் காத்திருப்பதே பாதி வெற்றி.

பழகிக்கொள்ள ஃப்ரீ த்ரோ சரியான பாடம். ஆள் ஒரே இடத்தில் நிற்பார், அடுத்து என்ன செய்வார் என்று தெரியும், முகம் நிமிர்ந்திருக்கும். அது கைவந்ததும் லே-அப், பிறகு ரீபவுண்டு என்று போகலாம். டைம்-அவுட்டில் கேமராவைக் கீழே வைத்துவிடாதீர்கள். கோச்சின் கைவிரல், பெஞ்சில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீராங்கனை, கடைசி விசிலில் கட்டிப்பிடித்துக்கொள்ளும் நால்வர்... ஆட்டத்தின் கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஃப்ளாஷ் போட்டால் என்ன?

என்.பி.ஏ. படங்களில் ஒவ்வொரு வியர்வைத் துளியும் தெரிகிறதே, எப்படி? ஆண்ட்ரூ டி. பெர்ன்ஸ்டீன் போன்ற புகைப்படக்காரர்கள், அரங்கின் கூரைப் பாலங்களில் சக்திவாய்ந்த ஸ்ட்ரோப் விளக்குகளைக் கட்டி, தூரத்திலிருந்து இயக்குகிறார்கள். ஒரு முறை மின்னினால் மறுபடி சார்ஜ் ஆகச் சில நொடிகள் ஆகும் என்பதால், பர்ஸ்ட் கிடையாது. ஒரு மூவுக்கு ஒரு க்ளிக்.

கேமரா மேலேயே மாட்டும் ஃப்ளாஷ் வேறு கதை. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால், சில மீட்டருக்கு மேல் அது எடுபடாது. வளையத்தைப் பார்த்துத் தாண்டுபவரின் கண்ணில் நேராக அடித்தால் ஆபத்தும்கூட. ஏற்பாட்டாளர் தெளிவாக அனுமதி கொடுக்காத வரை ஃப்ளாஷ் வேண்டாம். போனில் ஆட்டோ ஃப்ளாஷை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

கையில் போன் மட்டும்தானா?

போனின் பிரச்சினை லென்ஸ் அல்ல. அதன் அப்பெர்ச்சர் எஃப் 1.8 அளவில் தாராளமாகத்தான் இருக்கும். பிரச்சினை சென்சாரின் அளவு. நல்ல போனில் உள்ள 1/1.3 இன்ச் சென்சாரைவிட ஃபுல்-ஃபிரேம் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 12 மடங்கு பெரிது. ஒளியைப் பிடிக்கும் பாத்திரமே சின்னது. இதைச் சமாளிக்க நைட் மோடு பல படங்களை ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கட்டடத்துக்கு அது அற்புதம். ஓடுகிற வீரருக்கு மூன்று கை முளைத்துவிடும்.

அதனால் செய்ய வேண்டியவை:

• நைட் மோடை அணையுங்கள். ப்ரோ மோடில் ஷட்டரை 1/500-ல் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். போனில் ப்ரோ மோடு இல்லையென்றால் ஷட்டரைக் கட்டுப்படுத்தும் கேமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

• மெயின் கேமராவையே பயன்படுத்துங்கள். டெலி கேமராவின் சென்சார் பெரும்பாலும் இன்னும் சின்னது, அப்பெர்ச்சரும் குறைவு. ஜூம் செய்வதற்குப் பதில் பேஸ்லைனுக்கு நடந்து போங்கள்.

• பர்ஸ்ட்டில் எடுங்கள். தாண்ட ஆரம்பிக்கும்போதே அழுத்திப் பிடித்தால் உச்சம் தப்பாது.

• 4கே வீடியோ எடுத்து ஒரு ஃப்ரேமை வெட்டினால் சுமார் 8 மெகாபிக்சல் படம் கிடைக்கும். ஆனால் வீடியோவிலும் ஷட்டரை 1/500-க்குப் பூட்ட வேண்டும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு ஃப்ரேமும் இழுபட்டுத்தான் இருக்கும்.

எடுத்தது சரி, போடலாமா?

ஆடுபவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்றால், பள்ளியிடமோ பெற்றோரிடமோ கேட்காமல் படத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். பெயர், வகுப்பு, ஊர் எல்லாவற்றையும் கேப்ஷனில் சேர்ப்பது அதைவிடத் தவறு.

தரையில் உட்கார்ந்து தாழ்ந்து எடுக்கும் படங்களில் இன்னொரு கவனம் தேவை. உடை விலகிய, உடல் சங்கடமாகத் திரும்பிய நொடிகளும் பர்ஸ்ட்டில் சிக்கும், முக்கியமாக பெண்கள் ஆட்டங்களில். அவற்றை அன்றே அழித்துவிடுங்கள். ‘இந்தப் படத்தை அவர் தன் வீட்டில் மாட்டிவைப்பாரா?’ என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் எதை வைப்பது, எதை நீக்குவது என்பதில் குழப்பமே வராது. தன் படம் எப்படிப் பரவுமோ என்ற பயம் இல்லாமல் ஒரு பெண் தாண்டி ஆட முடிவதில் கேலரியில் கேமரா பிடிப்பவருக்கும் பங்கு இருக்கிறது.

அரங்குக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியவை

• மேனுவல் மோடு. ஷட்டர் 1/800. லென்ஸில் உள்ள மிகக் குறைந்த எஃப் எண்.
• வார்ம்-அப்பில் முகத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவை முடிவு செய்யுங்கள். 3,200-லிருந்து ஆரம்பித்து ஏறுங்கள். 12,800 வந்தாலும் பயம் வேண்டாம்.
• ரா ஃபைல், கஸ்டம் வொயிட் பேலன்ஸ், ஆன்டி-ஃப்ளிக்கர் ஆன்.
• தொடர் ஃபோகஸ், மெக்கானிக்கல் ஷட்டர், பர்ஸ்ட். ஃப்ளாஷ் ஆஃப்.
• இன்னும் இருட்டா? ஷட்டரை 1/500-க்கு இறக்கி, ஜம்ப்பின் உச்சத்தை மட்டும் குறிவையுங்கள்.

ஒரு ஆட்டம் 4 குவார்ட்டர், தலா 10 நிமிடம். முதல் குவார்ட்டரை வெளிச்சத்தைப் படிக்கவும், இரண்டாவதை ஆட்டக்காரர்களின் பழக்கத்தைப் படிக்கவும் ஒதுக்கினாலும், படம் எடுக்க இன்னும் 20 நிமிட ஆட்டம் மிச்சம் இருக்கிறது. எந்தப் பக்கம் இவர் கட் அடிப்பார், யார் கையிலிருந்து த்ரீ-பாயின்டர் வரும் என்பதெல்லாம் அதற்குள் பிடிபட்டுவிடும். முடிந்ததும் நூறு படத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் கொட்டாமல், நல்லதாக ஏழெட்டு எடுத்து அணியின் கேப்டனிடம் கொடுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். நாளைக்கு யாராவது பிரேம் போட்டு மாட்ட நினைத்தால் உதவும்.